போனில் கோச்சிங்கா, நேரிலா? – கேள்வி பதில்

15 ஆண்டுகளாகக் கோச்சிங் செய்துவருகிறேன். அதில் பாதிக்கு மேல் போனில். தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பு அல்ல இது. வேலையிலோ வாழ்க்கையிலோ ஒரு முடிவெடுக்க முடியாமல் தவிப்பவரிடம் கேள்வி கேட்டுக் கேட்டு, அவரையே யோசிக்க வைக்கும் வேலை. போனில் செய்வது நேரில் செய்வதற்கு ஈடாகுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

மேடம், முகத்தைப் பார்க்காமல் ஒருவரை எப்படிப் புரிந்துகொள்வது? பேச்சில் 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்தான், சொற்கள் வெறும் 7 சதவீதம் என்கிறார்களே?

இந்த 93 சதவீதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. 1967இல் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொல்லைப் பல தொனிகளில் சொல்லவைத்து, சொல்பவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா, இல்லையா என்று கணிக்கச் சொன்னார்கள். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு எல்லாப் பேச்சுக்கும் பொருந்துமென்றால், நமக்குத் தெரியாத மொழியில் ஒருவர் எதிரே நின்று பேசினாலும் 93 சதவீதம் புரிந்துவிட வேண்டுமே!

அந்தக் கணக்கிலேயே 38 சதவீதம் குரலுக்கு உரியது. அது போனில் வந்துவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் க்ராஸ் 2017இல் ஐந்து சோதனைகளை வெளியிட்டார். குரலை மட்டும் கேட்டவர்கள், முகத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிடப் பிறர் உணர்ச்சிகளைச் சற்றுத் துல்லியமாகக் கணித்தார்கள். முகத்தை மாற்றிக்கொள்ள நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் இருக்கிறது. குரலை அவ்வளவு எளிதில் மாற்ற வருவதில்லை. ஆனால் அது கோச்சிங்கைப் பற்றிய ஆய்வு அல்ல. அதை வைத்துக்கொண்டு போன்தான் உசத்தி என்று நான் கொடிபிடிக்க மாட்டேன்.

அப்படியானால் போனில் எதுவுமே தவறிப்போவதில்லையா?

தவறிப்போகிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. பெயரைச் சொல்லும்போது “எஸ்ஸா, எஃப்பா?” என்று திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான். இன்றைய இணைப்புகள் மேல் என்றாலும் மூச்சின் நுணுக்கங்கள் சில இன்னும் வடிந்துபோகின்றன.

அதைவிடப் பெரிய இழப்பு கைகள். ஒருமுறை என் எதிரே உட்கார்ந்திருந்தவர், “அவர்கள் என்னை விட்டுவிட்டு அந்தப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை” என்று நிதானமாகச் சொன்னார். சொல்லும்போதே கையிலிருந்த ரசீதைத் துண்டு துண்டாகக் கிழித்து, துண்டுகளை மேசையில் ஒரு கோடாக அடுக்கிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை. போனாக இருந்திருந்தால் நான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.

நேர்முகத் தேர்வுக்கும் மேடைப் பேச்சுக்கும் தயாராக வேண்டும். போன் போதுமா?

போதாது. நிற்பது, நடப்பது, கையை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஒருவர் பார்த்துத்தான் திருத்த முடியும். நேரில் போங்கள்.

போனில் மௌனம் வந்தாலே சங்கடமாக இருக்கிறது. கோச்சும் உடனே “ஹலோ, கேட்கிறதா?” என்கிறார்.

கோச்சிங்கில் உருப்படியான வேலை நடப்பதே அந்த மௌனத்தில்தான். அதை “ஹலோ” போட்டுக் கெடுத்த பாவம் எனக்கும் உண்டு.

பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டிருக்கிறார்கள். குரல் போய்ச்சேரும் தாமதம் ஒரு வழிக்கு 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வோம். ஆகவே போனில் சிறு மௌனமே நீளமாகத் தோன்றுகிறது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்ற பயம் வேறு.

ஒரு பெண்மணி போனில் பேசும்போதெல்லாம் பேனாவின் மூடியை டக், டக்கென்று அழுத்திக்கொண்டே இருப்பார். ஒரு நாள், “இந்த வேலையை விட்டால் யாரிடம் முதலில் சொல்வீர்கள்?” என்று கேட்டேன். டக் சத்தம் நின்றது. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்ததால் பார்த்தேன். 20 நொடிகளுக்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு, “சொல்வதற்கு யாருமில்லை என்பதால்தான் விடாமல் இருக்கிறேனோ?” என்றார். நடுவில் நான் வாயைத் திறந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது.

முதல் அமர்விலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் மௌனமானால் யோசிக்கிறீர்கள், அவர் மௌனமானால் காத்திருக்கிறார். இணைப்பு போய்விட்டால் யார் திரும்பக் கூப்பிடுவது என்பதையும் சொல்லிவைத்துவிட்டால் அந்த பயமும் போய்விடும்.

வீடியோ அழைப்பு இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி இல்லையா?

சிலருக்கு. எனக்கு அவ்வளவு பிடித்தம் இல்லை. திரையின் மூலையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு யார் மனம்விட்டுப் பேசுவது? வீடியோதான் வேண்டுமென்றால் உங்கள் படத்தை மறைத்துவிட்டுப் பேசுங்கள்.

அக்கா, எனக்குக் கூச்சம் அதிகம். நேரில் போனால் பாதியை விழுங்கிவிடுகிறேன். போனைத் தேர்ந்தெடுத்தால் தப்பித்து ஓடுவதாக ஆகுமா?

ஆகாது, தம்பி. வெட்கப்படும் விஷயத்தை முகம் தெரியாதபோது சொல்வது எளிது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் பேசுவதற்கென்றே தொலைபேசி எண் ஒன்றை அறிவித்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டும் நோயாளியைச் சாய்விருக்கையில் படுக்கவைத்து, அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில்தான் உட்கார்ந்தார். கோச்சிங் ஒரு தொழிலாக உருவான 1990களில் அமெரிக்காவில் தாமஸ் லியோனார்ட் கோச்சுகளுக்கு நடத்திய வகுப்புகளே போன் வழியாக நடந்தவைதான். நீங்கள் தேர்ந்தெடுப்பது புறவாசல் அல்ல.

முன்பு நேரில் போய்க்கொண்டிருந்தேன், இப்போது போன். கோச் அதே ஆள்தான், ஆனால் சப்பென்று இருக்கிறது. ஏன்?

எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள்? அலுவலக மாடிப்படியிலா? பக்கத்து அறையில் வீட்டார் இருக்க, குரலைத் தாழ்த்திக்கொண்டா?

நேரில் போகும்போது அறையை கோச் தருகிறார். கதவைச் சாத்துவது, நாற்காலியைப் போடுவது, வாசலில் யாரும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே போய்ச்சேரும் வழியிலேயே நீங்கள் பாதி யோசித்துவிடுகிறீர்கள். திரும்பி வரும் வழியில் மீதி. போனில் அந்த அறையை நீங்கள்தான் கட்ட வேண்டும், வழியும் சேர்த்து. கூட்டம் முடிந்த மறுநிமிடம் கோச்சைக் கூப்பிட்டு, வைத்த மறுநிமிடம் இன்னொரு கூட்டத்துக்குள் போனால் சப்பென்றுதான் இருக்கும். அமர்வுக்கு முன்னும் பின்னும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். கதவுள்ள இடம், காதில் மாட்டும் ஹெட்செட், கையில் காகிதம். மாதம் முழுக்க அப்படிச் செய்தும் மாறவில்லையென்றால் நேருக்கே திரும்பிவிடுங்கள்.

என் கோச் பேச்சுக்கு நடுவே வேறு வேலை பார்க்கிறாரோ என்று சந்தேகம். விசைப்பலகைச் சத்தம் கேட்கிறது.

குறிப்பெடுக்கலாம், மின்னஞ்சலும் பார்க்கலாம். கேட்டுவிடுங்கள். நான் இதற்காகவே பென்சிலுக்கு மாறிவிட்டேன்.

மனம் மிகவும் உடைந்திருக்கும்போது போனிலேயே கோச்சிடம் பேசலாமா?

கோச் மருத்துவரும் அல்ல, உளவியல் சிகிச்சையாளரும் அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கோச்சுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர உதவி எண்ணையோ மருத்துவரையோ அணுகுங்கள். போனில் வேலை செய்யும் நல்ல கோச், நீங்கள் இருக்கும் இடத்தையும் அவசரத்துக்குக் கூப்பிட ஒருவரின் எண்ணையும் முதல் நாளே கேட்டு வாங்கிவைத்திருப்பார்.

நடந்துகொண்டே பேசலாமா? கார் ஓட்டும்போது?

தாராளமாக நடக்கலாம். நடக்கும்போது புதிய யோசனைகள் கூடுதலாக வருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டில் 2014இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கார் ஓட்டிக்கொண்டு வேண்டாம். ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் தாமதமானாலும் காத்திருக்கிறேன்.