"ஒண்டும் வேண்டாம் மிஸ்"

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். போன மாதம் பீடாதிபதி கூப்பிட்டு, விசேட தேவையுள்ள மாணவர்களுக்கு இனி நான்தான் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு கடிதம் தந்தார். அறை இல்லை, காசும் இல்லை. ஏழு பேர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பிள்ளை ஒருத்திக்குப் பார்வை இல்லை, தமிழ் மொழிமூலம் படிக்கிறாள். மட்டக்களப்புப் பையனுக்குக் காது சரியாகக் கேட்காது. இன்னொருவன் சக்கர நாற்காலியில் வருகிறான். என்ன உதவி வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் "ஒண்டும் வேண்டாம் மிஸ்" என்கிறார்கள். சோதனைக்கு மேலதிக நேரம் கேட்டால், அது மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்று கூட வேலை செய்பவர்களே சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பான தங்கச்சிக்கு,

அந்த "ஒண்டும் வேண்டாம் மிஸ்" எனக்கு நல்ல பழக்கம். மாணவர் உதவிப் பிரிவொன்றில் பல வருடம் இருந்தேன். முதல் இரண்டு வருடமும் அந்தப் பதிலை அப்படியே நம்பி, படிவத்தில் 'தேவை எதுவும் இல்லை' என்று எழுதி வைத்தேன். அது என் பிழை. பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டுக் கேட்டுக் களைத்த பிள்ளைகள் அவர்கள். ஒவ்வொரு புது ஆசிரியரிடமும், ஒவ்வொரு கந்தோரிலும் தன் கண்ணைப் பற்றியோ காலைப் பற்றியோ முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தால் யாருக்குத்தான் வாய் வரும்? அதனால் என்ன வேண்டும் என்று கேட்பதை விடுங்கள். போன கிழமை தந்த நோட்ஸை எப்படிப் படித்தாய், யார் வாசித்துக் காட்டியது, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அறைத்தோழி தன் படிப்பு முடிந்து, இரவு பதினொரு மணிக்குமேல் வாசித்துக் காட்டினாள் என்று பதில் வரும். உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது.

நோட்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் இதில் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. நம் விரிவுரையாளர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். ஆனால் அந்த எழுத்துருவுக்கு அடியில் கணினி வைத்திருப்பது எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, எச். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பிள்ளைக்கோ ஒரு சொல்லும் விளங்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் இருந்தால் என்விடிஏ போன்ற இலவச மென்பொருளே தமிழை வாசித்துக் காட்டும். அந்தக் குரல் இனிமையாக இராது, ஆனால் பிள்ளைகள் அதை நாம் நம்பமாட்டாத வேகத்தில் கேட்டுப் படிப்பார்கள். பழைய கோப்புகளை மாற்றுவதற்கு இணையத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருவர் பிழை பார்த்தால் போதும். வெண்பலகையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவதும், போட்டோகொப்பியை ஸ்கேன் பண்ணி அனுப்புவதும் அவளுக்கு வெற்றுத்தாள் மாதிரித்தான். தவணை தொடங்க முதலே கோப்பைக் கேட்டு வாங்குங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் கடைசிக் கிழமையில்தான் கிடைக்கும்.

அப்புறம், நேரசூசி போடுகிறவர் யார் என்று தேடிப் பிடியுங்கள். பீடாதிபதியைவிட இந்த வேலைக்கு அவர் முக்கியம். சக்கர நாற்காலியில் வரும் பையனின் விரிவுரையை மூன்றாம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாயும் செலவில்லை. லிப்ட் வரும்வரை காத்திருந்தால் அவன் பட்டம் முடிந்துவிடும். நண்பர்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று யாராவது பெருமையாகச் சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். தூக்கப்படுகிறவனுக்கு ஒவ்வொரு படியிலும் பயம், அதைவிட வெட்கம்.

மட்டக்களப்புத் தம்பிக்கு எப்படி உதவுவது என்பதை அவரே சொல்லட்டும். சைகை மொழி தெரிந்தவரா, உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்பவரா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். உதட்டைப் பார்ப்பவர் என்றால், பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும் விரிவுரையாளரோடு நீங்கள் கதைக்கத்தான் வேண்டும்.

சரி, மேலதிக நேரம். மற்றவர்கள் வினாத்தாளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்து, எது இலகு என்று முடிவெடுத்துவிடுவார்கள். பார்வையில்லாத அந்தப் பிள்ளைக்கோ யாராவது முழுவதையும் வாசிக்கவேண்டும், அவள் சொல்லச் சொல்ல எழுதவேண்டும், எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டவேண்டும், பிழை இருந்தால் திருத்தவேண்டும். அநியாயம் என்று சொல்கிறவரை ஒரே ஒரு பக்க விடையை வேறொருவரிடம் சொல்லி எழுதுவிக்கச் சொல்லுங்கள், அதற்கு எத்தனை நிமிடம் போகிறது என்று அவரே பார்க்கட்டும். எழுதுபவரைச் சோதனைக் காலையில் தேடாதீர்கள். எங்கள் இடத்தில் ஒருமுறை அப்படித் தேடிப் பிடித்தவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அந்தப் பிள்ளை மூன்று மணித்தியாலம் எழுத்துக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஒரு மாதம் முதலே ஆளை ஒழுங்கு செய்து, இரண்டு பேரையும் இருத்திப் பழகவிடுங்கள்.

இதெல்லாம் சலுகை என்று யாராவது சொன்னால் சட்டத்தைக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. கட்டடங்களுக்குள் அவர்கள் தடையில்லாமல் போய்வருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கலாநிதி அஜித் பெரேரா 1992இல் காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் தொடுத்த வழக்கில்தான் 2011இல் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படி இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, உயர்கல்வியில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்கவேண்டும் என்று நேராகவே சொல்கிறது. உங்கள் கடிதங்களில் இவற்றின் இலக்கத்தைப் போட்டு எழுதுங்கள். கோப்பில் ஏறிய கடிதத்துக்கு யாராவது பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கக் குறிப்புத் தயாரியுங்கள். வருத்தத்தின் பெயர் அதில் வேண்டாம். எந்த ஏற்பாடு வேண்டும் என்பதை மட்டும் எழுதி, பிள்ளையிடம் காட்டிச் சம்மதம் வாங்கியபின் விரிவுரையாளர்களுக்கு நீங்களே அனுப்புங்கள். பிறகு அவர்கள் அறை அறையாகப் போய்த் தங்கள் கதையைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தத் தவணைக்கு அந்த யாழ்ப்பாணப் பிள்ளையின் நோட்ஸ் மட்டும் சரிவந்தாலும் போதும். பாமினிக் கோப்புகள் கையில் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். மாற்றிப் பிழை பார்த்துத் தர இங்கே என்னோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா