குடில் பொம்மையில் பூஞ்சை, சீரியல் லைட்டில் பச்சை

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலோர வீடு, பரணில் அட்டைப்பெட்டிக்குள் வைத்த காகிதக்கூழ் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில் பூஞ்சை, சீரியல் லைட்டும் எரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தையெல்லாம் அதுதான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பொம்மைகள் புதுச்சேரி திருக்கனூரின் காகிதக்கூழ் கைவேலைப்பாடாக இருந்தால் தூக்கிப்போட மனசு கேட்காது, ரொம்பப் பக்குவமாகத் தொடுங்கள். ஈரத்துணியே படக்கூடாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் மடிப்புகளில் இருப்பதைத் தட்டிவிட்டு நிழலில் நன்றாகக் காற்றாட விடுங்கள். சுள்ளென்ற வெயிலில் வைத்தால் வண்ணம் வெளுக்கும்.

அப்புறம் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், குடிலில் தெர்மாகோல் இருந்தால் இளக்கிவிடும்.

லைட்டை பிளக்கில் இருந்து கழற்றிவிட்டு பல்பு அடியில் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று செம்பை அரித்திருக்கிறது. ஒயர் உறையும் வெடித்திருந்தால் தயவுசெய்து ஒட்டுப்போடாதீர்கள், புதிது வாங்குங்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து, மழை இல்லாத காய்ந்த நாளாகப் பார்த்து எல்லாவற்றையும் கட்டி வையுங்கள்.