கறுப்பு மலைப்பாம்பு ஜோடி வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மலைப்பாம்பு பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கேள்விங்கள்ல நாலு மட்டும் இங்க.

அண்ணை, நான் ஜெர்மனி டோர்ட்மண்டில இருக்கிறன். பக்கத்தில ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு ஒவ்வொரு வருஷமும் போவம். அதே ஊரில நடக்கிற ஊர்வன சந்தையில போலன் பைத்தான் எண்டு ஒரு கறுப்புப் பாம்பு பார்த்தன், மனசை விட்டுப் போகுதில்லை. பால் பைத்தான் (ball python, பந்து மாதிரிச் சுருளுற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்த்து குஞ்சு எடுத்த அனுபவம் இருக்கு. ஒரு சோடி வாங்கி இனம் பெருக்கலாமோ?
– டோர்ட்மண்ட் பாம்பாட்டி

தம்பி, அம்பாளும் டெராரிஸ்டிகாங்கற அந்த ஊர்வன சந்தையும் ஒரே ஊர்ல இருக்கறது உங்க பர்ஸுக்குத்தான் கண்டம். சுத்தி வளைக்காம சொல்றேன், இப்போதைக்கு வாங்காதீங்க.

அழகுல குறையே கிடையாது, ஒத்துக்கறேன். மேல கறுப்பு, வெயில் பட்டா அந்தக் கறுப்புக்குள்ள நீலமும் ஊதாவும் ஓடும், அடிவயிறு வெளுத்த மஞ்சள், உதட்டோரமா வரிசையா வெள்ளைக் கோடு, பார்த்தா ஆசை வராம இருக்காது. நியூ கினி மலைக்காட்டுப் பாம்பு, பெரும்பாலும் 1000 மீட்டருக்கு மேலதான் வாழும். போலன்னு ஒரு டச்சுக்காரர் மேற்குப் பக்கத்து மலை ஏரிகள் பகுதியில பிடிச்சத வச்சு 1953ல ப்ரோங்கர்ஸ்மாங்கற விலங்கியலாளர் புது இனமா விவரிச்சு அவர் பேரையே வச்சார். அதுக்கப்புறம் இத்தனை வருஷம் ஆகியும், கூண்டுல வச்சு இதை முட்டையிட வச்சு குஞ்சு எடுத்தவங்க ரொம்ப ரொம்பக் கம்மி, எடுத்தவங்கள்ல பலராலயும் அதே மாதிரி திரும்பத் திரும்ப எடுக்க முடியல.

ஏன்னு கேட்டா, உங்க பால் பைத்தான்கிட்ட வேலை செஞ்ச வித்தை இதுகிட்ட செல்லாது. குளிர்காலத்துல ராத்திரி சூட்ட கொஞ்சம் இறக்கி, ஆணை உள்ள விட்டு, சேர்ந்ததுக்கு அப்புறம் பொண்ணோட நடு உடம்பு ஒரு நாள் பெருசா வீங்கும், அதுதான் சினைப்பையில இருந்து கருமுட்டை இறங்கற நேரம், பிறகு ஒரு சட்டை உரிக்கும், அதுல இருந்து சுமார் ஒரு மாசத்துல முட்டை, இதெல்லாம் உங்களுக்கே மனப்பாடமா இருக்கும். ஆனா போலன் இருக்கற இடம் பூமத்திய ரேகைக்கு சில டிகிரிதான் தெற்க, அங்க வருஷம் பூரா பகல் நேரம் கிட்டத்தட்ட ஒரே அளவு, கோடை குளிர்னு பெரிய வித்தியாசம் கிடையாது, மாறறது ஒரே நாளுக்குள்ளதான், பகல்ல மலை வெயில் சுள்ளுனு அடிக்கும், ராத்திரி நல்லா குளிரும். அப்ப இது எதைப் பார்த்து 'சீசன் வந்தாச்சு'ன்னு முடிவு பண்ணுது? மழையா, காத்தழுத்தமா, உணவா? வளர்க்கறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க, நிரூபிச்சவங்க யாரும் இல்ல.

இன்னொரு சிக்கல் சாப்பாடு. மலைப்பாம்பு குடுத்தா முழுங்கும், நாமளும் பாசத்துல எலி எலியா குடுத்து கொழுக்க வச்சிடறோம், கொழுத்த பொண்ணு முட்டையே வைக்காது, வச்சாலும் பாதி மஞ்சளா சுருங்கின கூமுட்டை. சூடும் அப்படித்தான், தாழ்நிலத்துப் பாம்புக்கு வைக்கற சூட்டுல இந்த மலைக்காரன வாட்டக்கூடாது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய விஷயம், அந்த சந்தைப் பாம்பு எங்க பொறந்தது? பப்புவா நியூ கினியில இது சட்டப் பாதுகாப்புல இருக்கு, அதனால வெளிய வர்றது பெரும்பாலும் இந்தோனேசியா வழியா, 'பண்ணையில பொறந்தது'ன்னு பேப்பரோட. அந்தப் பேப்பர எவ்வளவு நம்பலாம்னு தெரிஞ்சுக்க அதே தீவோட பச்சை மலைப்பாம்பு கதை போதும். பண்ணைக்குஞ்சுன்னு இந்தோனேசியாவுல இருந்து ஏத்துமதி ஆனதுல குறைஞ்சது 80 சதவீதம் காட்டுல பிடிச்சதுதான்னு 2011ல வந்த ஒரு ஆய்வு கணக்கு போட்டுச்சு. கூண்டுல லேசுல பெருகாத போலன்ல மட்டும் பண்ணைக்குஞ்சு எப்படி வருதுன்னு விக்கறவர்கிட்ட கேளுங்க, அவர் முகம் மாறுதான்னும் கவனிங்க. காட்டுல முட்டையோ சினைப்பாம்போ எடுத்து பண்ணையில பொரிச்சாலும் அது பண்ணையில பெருக்கினது ஆகாது.

கை அரிக்குதுன்னா ஆஸ்திரேலியா பக்கத்து கார்பெட் பைத்தான் பக்கம் போங்க. ஐரோப்பாவுலயே தலைமுறை தலைமுறையா பெருகினது கிடைக்கும், சீசன் மாத்தத்துக்கு ஒழுங்கா பதில் சொல்லும். எதை வாங்கினாலும் பிறப்பு ஆதாரத்தை எழுத்துல வாங்கிட்டு உங்க ஊர் அதிகாரிகிட்ட பதிவு பண்ணுங்க, அப்புறம் மாசக்கணக்குல தனி ரூம்ல வைங்க. மலைப்பாம்புக்கு நிடோவைரஸ்னு ஒண்ணு இருக்கு, வாயில சளி நுரைக்கும், மூச்சு விசிலடிக்கும், மருந்து கிடையாது, ஒண்ணுகிட்ட இருந்து உங்க பால் பைத்தான் அத்தனைக்கும் பரவிடும்.

சார், வீட்டு மொட்டை மாடியில ஷெட் போட்டு மலைப்பாம்பு வளர்க்க ஆசை. வெளிநாட்டு ஜாதின்னா கேஸ் இல்லன்னு ஃப்ரெண்ட் சொல்றான். உண்மையா?
– ஈரோடு வாசகர்

உங்க ஃப்ரெண்ட் பழைய பேப்பர் படிக்கறார். நம்ம ஊர் மலைப்பாம்பு 1972 வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை, அதைத் தொட்டா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் உள்ள போகணும், அதுல பேச்சே இல்ல. வெளிநாட்டு ஜாதி ரொம்ப நாள் சட்டத்துக்கு வெளிய நின்னுச்சுதான், 2022 திருத்தம் வந்து அதையும் உள்ள இழுத்துடுச்சு, 2024 விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ்ங்கற இணைய போர்ட்டல்ல பதிவு பண்ணணும், குஞ்சு பொரிச்சாலும் கைமாத்தினாலும் தெரிவிக்கணும். அதுக்கும் முன்னாடி, அந்தப் பாம்பு எந்த வழியா நாட்டுக்குள்ள வந்துச்சுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல? 2023 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இருந்து சென்னை வந்த ஒரு பயணியோட பெட்டியில 22 பாம்பு பிடிபட்டுச்சு, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள அடைச்சு. ஆன்லைன்ல பேப்பர் இல்லாம விக்கற பால் பைத்தான்ல எத்தனை அந்த மாதிரி பெட்டியில வந்ததோ. ஷெட்ல தக்காளி போடுங்க சார்.

அம்மா பாம்பு கோழி மாதிரி அடைகாக்குமா? பாம்பு குளிர் ரத்தம்னுதானே படிச்சோம்?
– திருச்சி, ப்ளஸ் டூ மாணவி

நல்ல கேள்வி பாப்பா, இதே சந்தேகம் பெரிய ஆளுங்களுக்கே இருந்துச்சு. இந்தியாவுல இருந்து போய் பாரிஸ்ல இதைச் சொன்ன ஒரு பிரெஞ்சுக்காரர அங்க நம்பல. அப்புறம் 1841ல அந்த ஊர் உயிர்க்காட்சி சாலையிலயே ஒரு மலைப்பாம்பு முட்டைய சுத்தி படுத்துச்சு, வாலன்சியென்ஸ்ங்கற விலங்கியலாளர் தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தா சுருளுக்குள்ள வெளிய விட சூடு அதிகம். எப்படின்னா, தாய் முட்டைகளை சுத்திக்கிட்டு உடம்பு தசைய விட்டு விட்டு இழுக்கும், பக்கத்துல நின்னு பார்த்தா விக்கல் வந்த மாதிரி உடம்பு துள்ளும். குளிர் ஏற ஏற துள்ளலும் வேகமாகும், 1966ல நியூயார்க்ல இந்திய மலைப்பாம்ப வச்சு அளந்து இதை உறுதி பண்ணிட்டாங்க. எல்லா மலைப்பாம்பும் இப்படி சூடு உண்டாக்காது, பால் பைத்தான் வெறுமன சுத்திப் படுத்து ஈரத்தையும் கதகதப்பையும் காப்பாத்தும், அவ்வளவுதான். வளர்க்கறவங்க நிறைய பேர் தாயை விலக்கிட்டு முட்டைய வெர்மிகுலைட்னு ஈரம் பிடிச்சு வைக்கற கனிமத் துகள் போட்ட டப்பாவுல 31, 32 டிகிரியில வைப்பாங்க, ஆனா இருந்த பக்கம் மாறாம எடுக்கணும், மேல் பக்கம் எதுன்னு பென்சில்ல புள்ளி வச்சுக்குவாங்க. கோழி முட்டைய உருட்டற மாதிரி உருட்டினா உள்ள ஒட்டியிருக்கற கரு செத்துடும்.

போலன் குஞ்சு சிவப்பா இருக்கற போட்டோ பார்த்தேன். வேற ஜாதியா, ஏமாத்தறாங்களா?
– கிள்ளான் வாசகர்

ஏமாத்தல. பொரிக்கும்போது செங்கல் சிவப்புல பழுப்பாத்தான் வரும், கறுப்பு முழுசா ஏற சில வருஷம் ஆகும்.