நேரு–லியாகத் ஒப்பந்தம்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): பிரிவினை 1947-இல் நடந்தது. சிறுபான்மையினரைக் காக்க 1950-இல் ஏன் ஒப்பந்தம் தேவைப்பட்டது?

பதில்: பஞ்சாபில் 1947-லேயே மக்கள் பெரும்பாலும் இடம் மாறிவிட்டார்கள். வங்காளத்தில் அப்படியில்லை. பாகிஸ்தானுக்குப் போன கிழக்கு வங்காளத்தில் இந்துக்களும் இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் முஸ்லிம்களும் பெருந்தொகையாகச் சொந்த ஊரிலேயே இருந்தார்கள். 1949 டிசம்பரில் கிழக்கு வங்காளத்தின் குல்னா மாவட்டத்தில் தொடங்கிய வன்முறை, பிப்ரவரியில் டாக்கா, பரிசால் வரை பரவியது. இந்தப் பக்கம் கல்கத்தாவிலும் ஹவுராவிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். போர் மூளும் என்ற பேச்சு எழுந்த வேளையில் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கான் டெல்லி வந்தார். ஏப்ரல் 8-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கேள்வி (வழக்கறிஞர்): வெறும் பொது வாக்குறுதிகள்தானே?

பதில்: இல்லை. தயவுசெய்து மூலத்தை ஒருமுறை படியுங்கள். ஊரைவிட்டுப் போகிறவர் நகைகள் உட்பட வீட்டுச் சாமான்களை எடுத்துச் செல்லலாம்; ரொக்கம் பெரியவருக்கு 150 ரூபாய், குழந்தைக்கு 75 ரூபாய். கொண்டுபோக விரும்பாத நகையையும் பணத்தையும் வங்கியில் ஒப்படைக்கலாம். சுங்கச் சாவடியில் யாரும் தொல்லை தராமல் பார்த்துக்கொள்ள, மற்ற நாட்டின் அதிகாரி அங்கேயே இருப்பார். கலவரக் காலத்து மதமாற்றம் கட்டாய மதமாற்றமாகவே கருதப்படும். கடத்தப்பட்ட பெண்களை மீட்கவும் ஏற்பாடு உண்டு. மூட்டை முடிச்சுடன் எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய வாசகம் இது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): எதிர்ப்பு இருந்ததா?

பதில்: கடுமையாக. சியாமா பிரசாத் முகர்ஜியும் கே.சி. நியோகியும் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகினார்கள். பட்டேல் கல்கத்தா சென்று ஒப்பந்தத்துக்கு ஆதரவு திரட்டினார்.

கேள்வி (இதழியல் மாணவர்): அப்படியானால் ஏன் தோற்றது?

பதில்: முழுத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். போர் தவிர்க்கப்பட்டது, வெளியேறியவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். ஆனால், சிறுபான்மையினர் தங்கள் குறைகளுக்குச் சொந்த நாட்டு அரசையே நாட வேண்டும் என்று ஒப்பந்தம் வலியுறுத்தியது. இறையாண்மையுள்ள நாடுகள் வேறு மாதிரி எழுத முடியாது என்பது உண்மைதான். என்றாலும், காக்கத் தவறிய அதே அரசிடம்தான் பாதிக்கப்பட்டவர் முறையிட வேண்டியிருந்தது. இரு தரப்பும் சிறுபான்மை ஆணையங்கள் அமைக்க ஒப்புக்கொண்டன. தவறிய அரசைத் தண்டிக்க எந்த அமைப்பும் இல்லை. பாகிஸ்தானின் சட்ட அமைச்சர் ஜோகேந்திரநாத் மண்டல், தலித் தலைவர், அதே ஆண்டு அக்டோபரில் பதவியைத் துறந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். கிழக்கு வங்காள இந்துக்களின் நிலையை அவரது விலகல் கடிதம் விரிவாகச் சொல்கிறது.

கேள்வி (இல்லத்தரசி): விட்டுவந்த நிலமும் வீடும் என்னவாயின?

பதில்: 1950 டிசம்பர் 31-க்குள் திரும்புகிறவருக்குச் சொத்து திரும்பக் கிடைக்கும், திரும்பாதவருக்கும் உரிமை போகாது, விற்கலாம் என்பது வாக்கு. 1965 போரின்போது எதிரிச் சொத்து என்ற பெயரில் கிழக்கு பாகிஸ்தானில் ஏராளமான இந்துக்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதைத் திருப்பித் தருவதற்கான சட்டத்தை வங்கதேசம் 2001-இல்தான் இயற்றியது.