‘ஐஸ் கிளாஸ்’ இருந்தால் அண்டார்க்டிகா பயணம் பாதுகாப்பானதா?

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு நானும் மனைவியும் அண்டார்க்டிகா போக விரும்புகிறோம். ஒரு நிறுவனம் தன் கப்பலுக்கு ‘ஐஸ் கிளாஸ்’ தரம் இருப்பதாக விளம்பரம் செய்கிறது. அதை நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: அதை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். கப்பலின் உடல் எந்த அளவு பனியைத் தாங்கும் என்பதைத்தான் அந்தத் தரம் சொல்கிறது; பனியைப் பிளந்துகொண்டு போகும் என்று அதற்குப் பொருளில்லை. பனியுடைப்புக் கப்பல் வேறு வகை. சரிவான முன்பகுதியால் பனியின் மேல் ஏறி, தன் எடையால் அழுத்தி உடைப்பது அது. சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு நீர்மட்டத்தை ஒட்டித் தடித்த எஃகுத் தகடு இருக்கும், அவ்வளவுதான். அவை பனியை விட்டு விலகிப் போக வேண்டியவை.

2007 நவம்பர் 23 அன்று அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு அருகே மூழ்கிய ‘எக்ஸ்ப்ளோரர்’ கப்பலும் பனியைத் தாங்கக் கட்டப்பட்டதுதான். அதன் கேப்டன் பால்டிக் கடலில் அனுபவம் உள்ளவர். அண்டார்க்டிகாவின் பனி அவருக்குப் புதிது. எதிரே இருந்த பனியைத் தவறாகக் கணித்து அதற்குள் கப்பலைச் செலுத்தினார் என்றது விசாரணை அறிக்கை. கப்பலில் இருந்த 154 பேரும் திறந்த படகுகளில் மணிக்கணக்கில் காத்திருந்து, ‘நோர்ட்நோர்கே’ என்ற கப்பல் வந்ததால் பிழைத்தார்கள். அன்று கடல் அமைதியாக இருந்தது பெரும் பாக்கியம்.

பனியிலும் வகை உண்டு. ஒரே குளிர்காலத்தில் உறைந்த கடல்பனியில் உப்புநீர் கலந்திருக்கும், ஓரளவு மென்மையானது. பனியாற்றிலிருந்து உடைந்து விழும் கட்டியோ பாறைபோல் இறுகியது. அதில் சிறியதைக் ‘குரோலர்’ என்பார்கள். நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூடத் தெரியாது. அலை சற்று எழுந்தால் ரேடார் திரையிலும் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் பொறுமையும்தான் வேண்டும்.

ஆகவே நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, கேப்டனும் பனி வழிகாட்டியும் அண்டார்க்டிகாவில் எத்தனை பருவம் பணியாற்றியிருக்கிறார்கள் என்பது. அடுத்து, துருவக் கப்பல் சான்றிதழ். 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள துருவக் குறியீட்டின்படி (துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு) கப்பல்கள் ஏ, பி, சி என்று பிரிக்கப்படுகின்றன, ஏ வலுவானது. ‘பிசி 6’ (பிசி என்பது ‘போலார் கிளாஸ்’, பனியைத் தாங்கும் வலுவின் தரவரிசை) போன்ற எண் சொன்னால், எண் குறையக் குறைய வலு கூடும் என்று கொள்ளுங்கள். மீட்பு வரும்வரை தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு ஐந்து நாளுக்குக் குறையக் கூடாது என்பதும் அந்தக் குறியீட்டின் விதிதான். படகுகள் மூடியவையா என்று கேளுங்கள்.

கரையில் இறங்கி நடக்க ஆசையென்றால் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல் வேண்டாம்; அவற்றுக்குக் கரையிறக்க அனுமதி இல்லை. மற்ற கப்பல்களிலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான்.

உங்கள் வயதில் இன்னொன்றும் முக்கியம். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவிலிருந்து, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். நடுவில் உடல்நலம் கெட்டால் கப்பல் மருத்துவரைத் தவிர ஆள் இல்லை. அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கான காப்பீட்டில் ‘அண்டார்க்டிகா’ என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.