மகளுக்கு அந்தச் சின்ன டேப்லெட் வாங்கித் தரலாமா?

பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு,

அய்யா, அன்றைக்கு அறையில் கூட்டம் இருந்ததால் முழுதாகப் பேச முடியவில்லை. "எழுபதாயிரம் கேக்குறா சார், இந்த வருஷம் தக்காளி போன விலைக்கு நான் எங்கே போவேன்" என்றீர்கள். இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பெண்ணின் ஆசை தவறு என்பதால் சொல்லவில்லை.

இரவல் டேப்லெட்டில், திரையிலேயே முப்பரிமாணச் சிற்பமாக அவள் செய்து காட்டிய நடுகல் வீரனைப் பார்த்தேன். தருமபுரி அருங்காட்சியகத்தில் பார்த்து வந்து செய்தாளாம். வாளைப் பிடித்த மணிக்கட்டில் எலும்பு எங்கே துருத்தும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

ஆனால் பேனா ஓரிடத்தில் இருக்க, கோடு அரை நொடி கழித்து வந்ததை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. "சூடாயிடுச்சு சார், கொஞ்சம் ஆறட்டும்" என்று கீழே வைத்துவிட்டாள். காரணம் எளிது. களிமண்ணுக்குப் பதிலாகத் திரையில் இருப்பது பாலிகான் எனப்படும் சின்னச் சின்னத் தளங்கள். நுணுக்கம் கூட்டும் ஒவ்வொரு முறையும் அவை நான்கு மடங்காகும். 10,000-இல் ஆரம்பித்தால் நாலாவது முறையில் 25,60,000. 8 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) விசிறி இல்லாத மெல்லிய உடம்பும் அதற்கு மேல் திணறும். பெரும்பாலான டேப்லெட்டுகளில் பிறகு ரேம் கூட்டவும் வழியில்லை.

இன்னொரு சங்கடம், சிற்பம் செய்ய அவள் பயன்படுத்தும் பிளெண்டர் என்ற மென்பொருளில், கீபோர்டில் கன்ட்ரோலை அழுத்தினால்தான் குழி விழும், ஷிஃப்டை அழுத்தினால்தான் வழவழப்பாகும். டேப்லெட்டில் அந்த விசைகள் இல்லாமல் இடது கை சும்மா கிடக்கிறது. சின்ன புளூடூத் கீபோர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தாலே பாதி எரிச்சல் தீரும். படம் வரைய மட்டும் என்றால் அந்த டேப்லெட் அருமையான பொருள்தான், மறுக்கவில்லை.

வீட்டில் மகனின் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றீர்களே, அதில் ரேமைக் கூட்டுங்கள். கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகை, அதாவது திரையில்லாத பென் டேப்லெட் ஒன்று சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். கை கீழே, கண் மேலே என்பது முதல் இரண்டு வாரம் பழகாது, அப்புறம் சரியாகிவிடும். பிளெண்டரும், வரைவதற்கான கிரிட்டாவும் இலவசம்.

படிப்புக்கு வருவோம். ஐஐடிகளில் பி.டெஸ். எனும் வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர்வதற்கான யூசீட் தேர்வைப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் எழுதலாம். அதில் ஒரு பகுதி தாளில் கையால் வரைவது. அங்கே டேப்லெட்டுக்கு வேலையே இல்லை, பென்சில் பழக்கம்தான் காப்பாற்றும். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியில் அனிமேஷனுக்கென்றே படிப்பு உண்டு. செலவு பயமாக இருந்தால் சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிற்பத்தைக் கையால் கற்றவர்கள் திரையிலும் தனித்துத் தெரிவார்கள் என்பது என் அனுபவம். ஆறு மாதத்தில் வேலை உத்தரவாதம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். நானே ஒரு பையனை அப்படி ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டு இன்றுவரை அவன் அம்மாவைப் பார்க்கக் கூசுகிறேன்.

வேலை என்றதும் சினிமா மட்டும் நினைக்க வேண்டாம். பெங்களூரில் கேம் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. நகைக்கும் இப்போது கம்ப்யூட்டரில்தான் மாதிரி செய்கிறார்கள். டைட்டனின் நகை ஆலை நம் ஓசூரிலேயே இருக்கிறது.

வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழைவிடச் செய்த வேலையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அடுத்த முறை வரும்போது அந்த வீரனின் முதுகையும் செய்து எடுத்துவரச் சொல்லுங்கள். நடுகல்லில் முதுகு தெரியாது. அதை அவளே யோசித்துத்தான் செய்தாக வேண்டும்.