கறுப்புப் பட்டை குறைபாடா?

கேள்வி: 1940-களில் வந்த ஒரு படத்தை ப்ளூ-ரேயில் வாங்கினேன். டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நண்பரிடம் இருக்கும் வேறு பதிப்பில் அதே படம் திரை முழுக்க வருகிறது. வட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஏமாந்திருப்பது உங்கள் நண்பர்தான்.

1930-களிலிருந்து 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வரும்வரை பெரும்பாலான படங்களில் உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவி 16:9, அதாவது 1.78. பட்டையில்லாமல் நிரப்ப வேண்டுமென்றால், ஒன்று பக்கவாட்டில் இழுக்க வேண்டும்; எல்லார் முகமும் உப்பிவிடும். அல்லது பெரிதாக்கி மேலும் கீழும் வெட்ட வேண்டும். உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடும். நண்பரின் பதிப்பில் ஒரு நடனக் காட்சியைப் போட்டுப் பாருங்கள், பாதம் தெரிகிறதா என்று. ஆனால் அதற்கு முன் அவருடைய டிவி 'ஜூம்' நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வட்டின் மேல் பழி போட்ட பலருக்கு ரிமோட்தான் எதிரி.

டிவி 4:3 ஆக, அதாவது 1.33 ஆக இருந்த காலத்தில் கதை தலைகீழ். 2.35 அகலமுள்ள ஸ்கோப் படத்தை அதில் அடைக்க, அகலத்தில் 43 சதவீதம் வரை வெட்டினார்கள். ஓரத்துக்கு ஒருவராக நின்று பேசும் இருவரில் ஒருவர் காணாமல் போவார். கேமரா அசையாத காட்சியிலும் படம் இப்படியும் அப்படியும் நகரும். 'பேன் அண்ட் ஸ்கேன்' என்பது இதுதான். பெயர்களை வெட்ட முடியாது என்பதால் டைட்டிலை மட்டும் நெருக்கிவிடுவார்கள். அதில் வரும் ஆட்கள் மூங்கில் மாதிரி இருப்பார்கள். பழைய வட்டு வாங்கும்போது இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

அதற்காகப் படம் கூடுதலாகத் தெரிவதெல்லாம் உத்தமம் என்றும் இல்லை. 1953-க்குப் பிறகு பல படங்களை உயரமான சட்டத்தில் எடுத்து, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து 1.85-ஆகக் காட்டினார்கள். மறைப்பை எடுத்துவிட்டு வட்டு போட்டால் இயக்குநர் காட்ட நினைக்காததும் தெரியும், சில சமயம் தலைக்கு மேலே மைக்கும்.

ஆகவே அட்டையின் பின்பக்கத்து எண்ணைப் படியுங்கள். 1940-களின் படத்துக்கு 1.33 அல்லது 1.37 என்றிருந்தால் தைரியமாக வாங்கலாம். 1.78 என்றிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 'ஃபுல் ஸ்கிரீன்' என்ற பெருமையை மட்டும் நம்பாதீர்கள். அது பழைய 4:3 டிவியை நிரப்புவதைச் சொல்வது; 1940-களின் படத்துக்குப் பொருந்தும். பிற்கால அகலப் படத்தின் மேல் இருந்தால் வெட்டியதாகவோ மறைப்பை நீக்கியதாகவோதான் இருக்கும்.

கேள்வி: என் பழைய டிவிடி ஒன்றில் நான்கு பக்கமும் பட்டை. நடுவில் தபால்தலை அளவில் படம்!

பதில்: அகலப் படத்தைப் பட்டையோடு சேர்த்து 4:3 சட்டத்துக்குள் பதித்துவிட்டார்கள். டிவி தன் பங்குக்குப் பக்கவாட்டில் இரண்டு பட்டை சேர்க்கிறது. இங்கே மட்டும் 'ஜூம்' போட்டுக்கொள்ளலாம். ஆனால் துல்லியம் வராது. 480 வரியுள்ள டிவிடியில் ஸ்கோப் படத்துக்குக் கிடைத்தது சுமார் 270 வரிதான். அட்டையில் 'அனமார்ஃபிக்' (பக்கவாட்டில் நெருக்கிப் பதித்து, டிவியில் விரித்துக் காட்டும் முறை) என்று போட்ட பதிப்பு இருந்தால் அதை வாங்குங்கள்.